ஷார்ட்ஸ்டாப்பில் சராசரி ஆள், முதல் பேஸில் கெட்டிக்காரன்: யார் நல்ல ஃபீல்டர்?

பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கிற ஃபீல்டர்தான் ஷார்ட்ஸ்டாப். ஃபீல்டிங்கில் மிச்சப்படுத்திய ரன் எண்ணை மட்டும் பார்த்தால் முதல் பேஸ்காரர்தான் நல்ல ஃபீல்டர் என்று தோன்றும், ஆனால் இந்த ஃபீல்டிங் கணக்கு பெரும்பாலும் அதே இடத்தில் ஆடுபவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து மேட்ச்சில் கேட்ச் விடுகிறவனை ஃபைன் லெக்கில் கொண்டுபோய் ஒளித்து வைப்போமே, அங்கே அவன் சமாளித்துவிட்டான் என்பதற்காக பாயிண்டில் நிற்கிறவனுக்கு சமம் ஆகிவிடுவானுங்களா?

அதனால் இடத்துக்கு ஏற்ப ஒரு திருத்தம் போடுகிறார்கள். ஃபேன்கிராஃப்ஸ் என்ற பேஸ்பால் புள்ளிவிவர இணையதளத்தின் கணக்கில், 162 ஆட்டம் கொண்ட முழு சீசனுக்கு, கேட்சருக்கு (அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) 12.5 ரன் கூடுதல், ஷார்ட்ஸ்டாப்புக்கு 7.5 கூடுதல், முதல் பேஸுக்கு 12.5 கழிவு. சரி, தலைப்பில் உள்ள கேள்விக்கே வைத்துப் பார்ப்போம்: சராசரி ஷார்ட்ஸ்டாப் 0 + 7.5 = 7.5. சராசரியைவிட 10 ரன் மிச்சப்படுத்திய முதல் பேஸ்காரர் 10 − 12.5, அதாவது மைனஸ் 2.5. பத்து ரன் வித்தியாசம்!

ஷார்ட்ஸ்டாப் பக்கம் உருண்டு வரும் பந்துகள் அதிகம், ஓடிப் பிடித்து, உடம்பைத் திருப்பி, ஓடுகிறவன் முதல் பேஸைத் தொடுவதற்குள் நீளமாக எறியவும் வேண்டும். முதல் பேஸ்காரருக்கு வேலையில் பாதிக்கு மேல் அந்த எறிவை வாங்குவதுதான்.

இந்தத் திருத்தத்துக்கு அடிப்படை, ஒரே ஆள் இரண்டு இடத்தில் ஆடும்போது எவ்வளவு தேறுகிறான் என்பது. கேட்சரை அப்படி இடம் மாற்றி சோதிப்பது அரிது, அதனால் அந்த 12.5-ஐ மட்டும் நான் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்ப்பேன்.