கபடியில் அடிபட்ட முழங்கால், 47 வயதில் ஓட்டம்

கேள்வி: எனக்கு வயது 47. கல்லூரி நாளில் கபடி ஆடும்போது வலது முழங்காலில், மூட்டு நழுவாமல் பிடித்திருக்கும் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்தது. அதற்கு ஆபரேஷன் செய்யவில்லை. மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது, அதில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தார்கள். இத்தனை வருடம் தொந்தரவில்லை. இப்போது ஆறு மாதமாக ஓடுகிறேன். 5 கிலோமீட்டர் வரை சரி. 7, 8 போனால் மறுநாள் காலை முழங்கால் கனத்து, மடக்க வரமாட்டேன் என்கிறது. அரை மாரத்தான் ஆசையை விட்டுவிட வேண்டுமா?

— ஒரு வாசகர், மதுரை

பதில்: விட வேண்டாம், தள்ளிப்போடுங்கள். மெனிஸ்கஸ்தான் உடல் எடையை மூட்டு முழுக்கப் பரப்பி வாங்குவது. அதில் ஒரு பகுதி போனால், அதே எடை குறைந்த பரப்பில் இறங்கி, குருத்தெலும்பை மெல்லத் தேய்க்கும். ஏ.சி.எல். கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10, 20 வருடத்தில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதற்கு விலக்கல்ல. அளவான ஓட்டம் நல்ல மூட்டைத் தேய்ப்பதில்லை. உங்களுடையது ஏற்கெனவே அடிபட்ட மூட்டு என்பதால்தான் கணக்கு மாறுகிறது.

நீங்கள் சொல்லும் காலைக் கனம் பெரும்பாலும் மூட்டில் நீர் கோப்பதுதான். வீட்டிலேயே பார்க்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, தொடையைத் தளர விடுங்கள். முட்டிச்சில்லின் உட்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை தடவி விடுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை தடவுங்கள். உட்பக்கக் குழி மெல்ல உப்பி வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. அது வற்றும்வரை ஓட வேண்டாம். ஓடும்போது வலிக்கிறதா என்பதைவிட மறுநாள் காலை முட்டி எப்படி இருக்கிறது என்பதையே நம்புங்கள்.

அடுத்து, தொடையை அளங்கள். முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே, இரண்டு காலிலும் டேப் வைத்துப் பாருங்கள். வலது கால் 1 செ.மீ.க்கு மேல் மெலிந்திருந்தால் ஆச்சரியமில்லை. நீர் கோத்த மூட்டு முன்தொடைத் தசையை முழுதாக வேலை செய்ய விடாது. வலி போன பிறகும் அந்தத் தசை தானாகத் தேறாது, நொண்டாமல் நடப்பதால் நமக்கும் அது தெரியாது. நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் கை ஊன்றாமல் எழுந்து பாருங்கள். இடது காலுக்கும் வலது காலுக்கும் உள்ள வித்தியாசம் உடனே புரியும்.

இதைச் சரிசெய்ய 12 வாரம் ஒதுக்குங்கள். வாரம் மூன்று நாள், 15 செ.மீ. படியில் வலது காலை ஊன்றி, இடது குதிகால் தரையைத் தொடும் வரை நிதானமாக இறங்கி ஏறுங்கள்: 10 முறை, மூன்று சுற்று. முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. சுலபமானதும் முதுகுப்பையில் 3, 4 கிலோ அரிசியை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துவதும் இதோடு சேரட்டும்.

நீர் வற்றிய பிறகு ஓட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், 4 கிலோமீட்டர், அவ்வளவுதான். நிமிடத்துக்கு எத்தனை எட்டு வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை 5 சதவீதம் கூட்டுங்கள். 160 என்றால் 168. எட்டு குறுகும், முழங்காலில் விழும் சுமை குறையும். மேம்பாலத்தில் ஏறுங்கள், இறங்கும்போது நடங்கள். எடை கூடுதலாக இருந்தால் 1 கிலோ குறைத்தாலே நடக்கும் ஒவ்வொரு எட்டிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ மிச்சம். முழங்காலில் மாட்டும் உறை (knee cap) தைரியம் தரும், ஜவ்வின் வேலையைச் செய்யாது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

எக்ஸ்ரே எடுப்பதானால் நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்து எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது தெரியாமல் போகலாம். முட்டி பாதியில் பூட்டிக்கொண்டாலோ, திரும்பும்போது நழுவி விட்டாலோ, வீக்கம் இரண்டு நாளுக்கு மேல் நின்றாலோ 12 வாரம் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். சூடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே.