கான்குனிலிருந்து ஒரே நாளில் மாயன் ஊர்கள்: வாடகைக் கார் சரிப்படுமா?

கேள்வி: டிசம்பர் விடுமுறைக்கு ஹூஸ்டனிலிருந்து மெக்சிகோவில் உள்ள கான்குன் போகிறோம். ஒரு நாள் மட்டும் வாடகைக் கார் எடுத்து சிச்சென் இட்சா, கோபா, ஏக் பாலாம் என்ற மூன்று பழைய மாயன் நகர இடிபாடுகளையும், வழியில் மாயன் கிராமங்களையும் பார்த்துவிட முடியுமா? அறுபத்தைந்து வயதைத் தாண்டிய அம்மாவும் வருகிறார். அவர் சைவம்.

பதில்: கார் சரி, மூன்று இடம் வேண்டாம். மூன்றுக்கும் ஓடினால் நாள் முழுக்க நெடுஞ்சாலையைத்தான் பார்ப்பீர்கள். சிச்சென் இட்சா, திரும்பும் வழியில் கிராமச் சாலை, மதியம் வயாதோலித் நகரம். இது போதும்.

நேரக் கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கான்குன் கிந்தானா ரோ மாநிலம், சிச்சென் இட்சா யுகாத்தான் மாநிலம். கான்குனில் ஆறு மணி என்றால் அங்கே ஐந்துதான். ஆகவே காலை 6 மணிக்குக் கிளம்பி, 180டி சுங்கச் சாலையில் 200 கி.மீ. ஓட்டினால், அவர்கள் நேரப்படி 7.30க்கு வாசலில் நிற்கலாம். 8 மணிக்குத் திறப்பார்கள். சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிவதற்குள் இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம். மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு நுழைவுக் கட்டணம் உண்டு. சுங்கத்துக்கும் சேர்த்து பெசோ ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பிரமிடில் நான்கு பக்கமும், பக்கத்துக்கு 91 படி, உச்சியில் ஒன்று, ஆக 365. ஏற அனுமதி நின்று பல வருடங்களாகிவிட்டது, அதனால் அம்மாவுக்கு எந்த இழப்பும் இல்லை. வடக்குப் படிகளுக்கு நேரே நின்று ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். எதிரொலி பறவை கீச்சிடுவது போலத் திரும்பி வரும். பந்தாட்ட மைதானம் 168 மீட்டர் நீளம், அதையும் விடாதீர்கள். சிறுத்தை உறுமல் விசில் விற்பவர்கள்தான் கொஞ்சம் காதைப் பதம் பார்ப்பார்கள்.

திரும்பும்போது சுங்கச் சாலைக்குப் போகாமல் சுங்கமில்லாத பழைய 180ஆம் எண் சாலையைப் பிடித்து கவுவா வழியாக வயாதோலித் வாருங்கள். சுமார் 45 கி.மீ.தான், ஆனால் ஊருக்கு ஊர் 'தோப்பே' எனும் வேகத்தடை. சிலவற்றில் வண்ணக் கோடு அழிந்திருக்கும், அறிவிப்புப் பலகையும் இருக்காது. ஊர் எல்லை வந்தாலே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அப்படி மெதுவாகப் போகும்போதுதான் ஊர் கண்ணில் படும்: நீள்வட்டமாகக் கட்டிய கூரை வீடுகள், உள்ளே தொங்கும் வலை ஊஞ்சல் படுக்கைகள், வெள்ளை உடையில் பூ வேலை செய்த உய்ப்பில் அணிந்த பெண்கள். மாயர்கள் மறைந்துபோன இனம் என்று படித்திருப்போம். இங்கே இன்றும் வீட்டில் மாயா மொழிதான் பேசுகிறார்கள். யுகாத்தான் தீபகற்பத்தில் அதைப் பேசுவோர் ஏழு லட்சத்துக்கும் மேல். படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

வயாதோலித்தில் சாப்பாடு. பீன்ஸ் சைவம்தானே என்று நம்பிவிட வேண்டாம், பன்றிக் கொழுப்பில் சமைப்பது வழக்கம். 'சின் மந்தேகா' (கொழுப்பு இல்லாமல்) என்று கேட்டு வாங்குங்கள். பூசணி விதையை அரைத்துச் செய்யும் சிகில் பாக்கைச் சுடச்சுட தொர்த்தியா எனும் சோள ரொட்டியோடு சாப்பிட்டால் அம்மாவுக்குப் பிடிக்கும். நேரம் இருந்தால் ஊருக்கு நடுவிலேயே உள்ள சாசி செனோட்டே எனும் இயற்கை நீர்க்குழியைப் பாருங்கள், படிகள் ஈரமாக இருக்கும்.

கார் எடுக்கும் இடத்தில்தான் அதிக கவனம் வேண்டும். இணையத்தில் வாடகை மிக மலிவாகத் தெரியும். கவுன்டரில் மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்ந்ததும் தொகை பல மடங்காகிவிடும். அது அங்கே சட்டப்படி கட்டாயம். கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பு பெரும்பாலும் காருக்கு மட்டும், எதிராளிக்கு இல்லை. உங்கள் அமெரிக்க பாலிசியும் பொதுவாக எல்லை தாண்டாது. முன்பதிவின்போதே எல்லாம் சேர்த்த தொகையை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வண்டியை நான்கு பக்கமும், ஸ்டெப்னியையும் வீடியோ எடுங்கள். கான்குனிலேயே டேங்கை நிரப்புங்கள். ஊழியர்தான் பெட்ரோல் போடுவார், மீட்டர் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள்.

டிசம்பரில் வயாதோலித்தில் ஐந்தேகால் வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லா சைக்கிள், நாய், தோப்பே மூன்றும் இருட்டில் ஆபத்து. அங்கே மூன்று மணிக்குப் புறப்பட்டுச் சுங்கச் சாலையைப் பிடித்தால், கான்குன் நேரம் ஆறு மணிக்கெல்லாம் ஹோட்டலில் இருப்பீர்கள்.