பி.எஸ்சி. நர்சிங் சேரும் முன் கல்லூரியில் எதைப் பார்க்க வேண்டும்?

தங்கைக்காக மூன்று தனியார் செவிலியர் கல்லூரிகளைப் பார்த்து வைத்திருப்பதாகவும், மூன்றின் கையேட்டிலும் ஆய்வகம், நூலகம், விடுதி என்று ஒரே பட்டியல் இருப்பதால் முடிவெடுக்க முடியவில்லை என்றும், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவளால் ஈடுகொடுக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இதே படிப்பை முடித்து மருத்துவமனை வார்டில் பணியாற்றுபவள். பல கல்லூரிகளின் மாணவிகள் எங்கள் வார்டுக்குப் போஸ்டிங், அதாவது மருத்துவமனைப் பயிற்சிக்கு, வருவதால், எந்த வசதி பயன்படுகிறது, எது கையேட்டோடு நின்றுவிடுகிறது என்பது ஓரளவு கண்ணில் படுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது கல்லூரிக் கட்டடத்தை அல்ல, அதன் மருத்துவமனையை. கல்லூரிக்குச் சொந்தமாகக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை இருக்க வேண்டும் என்றும், பயிற்சிக்காக இணைத்துக்கொள்ளும் பிற மருத்துவமனைகள் பொதுவாக 15 முதல் 30 கி.மீ. சுற்றளவுக்குள் அமைய வேண்டும் என்றும் செவிலியர் கல்விக்கான தேசிய அமைப்பான இந்திய செவிலியர் கவுன்சில் விதித்திருக்கிறது. ஆனால் படுக்கை இருப்பது வேறு, அதில் நோயாளி இருப்பது வேறு. நான்கு நோயாளிகள் படுத்திருக்கும் வார்டுக்குப் பதினைந்து மாணவிகளை அனுப்பினால், ஒருத்தி இரத்த அழுத்தம் பார்க்க மற்றவர்கள் சுற்றி நின்று குறிப்பெடுப்பதோடு காலைப்பொழுது போய்விடும். மகப்பேறு போஸ்டிங்கில் இது இன்னும் கடுமையாகத் தெரியும். பிரசவங்களைப் பார்த்தது, உதவியது, தானே நடத்தியது என, மாணவியின் பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் நிரப்ப வேண்டிய எண்ணிக்கை இருக்கிறது. பிரசவமே அரிதாக நடக்கும் இடத்தில் அந்தப் பக்கங்கள் எப்படி நிரம்பும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தது, வார்டில் மாணவியின் பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) 1909இல் செவிலியர் பள்ளியாகத் தொடங்கி, 1946இல் பட்டப்படிப்பு தரும் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தில், வகுப்பில் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே வார்டிலும் பொறுப்பு வகிக்கும் முறை இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்பது என் கருத்து. எல்லாக் கல்லூரிகளிலும் அதை எதிர்பார்க்க முடியாது என்றாலும், போஸ்டிங் நேரம் முழுவதும் கல்லூரியின் பயிற்சி ஆசிரியரான டியூட்டர் ஒருவர் வார்டில் இருப்பாரா, அல்லது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவாரா என்று கேட்பதில் தவறில்லை. டியூட்டர் இல்லாத குழுவை வார்டு சிஸ்டர்கள் எடுபிடி வேலைக்குப் பயன்படுத்திக்கொள்வதும் நடக்கத்தான் செய்கிறது.

2021இல் அறிவிக்கப்பட்ட புதிய பாடத்திட்டம் நான்கு ஆண்டுகளை எட்டுப் பருவங்களாகப் பிரித்திருக்கிறது. கடைசிப் பருவத்தில் 22 வாரங்கள், வாரம் 48 மணி நேரம், முழுநேர மருத்துவமனை மற்றும் சமூகநலப் பயிற்சி. ஆய்வகப் பயிற்சிக்கும் இதில் முன்பைவிட அழுத்தம் கூடியிருக்கிறது. நோயாளிக்குப் பதிலாகப் பயிற்சி செய்யும் விலை உயர்ந்த மனித உருவப் பொம்மைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டி வைத்திருக்கும் ஆய்வகத்தைவிட, கை பட்டுத் தேய்ந்த பொம்மைகள் இருக்கும் ஆய்வகம் மேல். ஊசி குத்தும் பயிற்சிக்கான ரப்பர் கையில் துளைகள் நிறைந்திருந்தால், அங்கே உண்மையில் பயிற்சி நடக்கிறது என்று பொருள்.

வீடு வீடாகச் சென்று செய்யும் சமூகநலச் செவிலியர் பயிற்சியைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கோ அதுதான் மிகுந்த தன்னம்பிக்கையைத் தந்தது. வீட்டுத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன் மேல் நாம் கொண்டுபோகும் செவிலியர் பையை வைத்து, கை கழுவிய பிறகே உள்ளிருக்கும் பொருள்களை எடுக்க வேண்டும். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, சோதனைக் குழாயில் ஐந்து மில்லி பெனடிக்ட் கரைசலைச் சூடாக்கி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு மீண்டும் சூடாக்கும்போது, நீலம் பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறி, சர்க்கரை மிகுந்திருந்தால் செங்கல் நிறத்துக்கே போகும். அதைப் பார்த்த பாட்டி, நாம் கேட்காமலே தன் சாப்பாட்டுக் கதையை ஒப்புக்கொள்வார். கல்லூரிக்குக் கிராமப் பயிற்சி எங்கே, போக்குவரத்துக்குப் பேருந்து உண்டா என்று கேளுங்கள். மனநலப் பிரிவுக்காகச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு வெளிமாவட்ட மாணவிகளும் வருவதுண்டு. அந்த நாள்களின் தங்கும் செலவு கட்டணத்தில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஆதரவு என்றால் பலரும் உதவித்தொகையை மட்டும் நினைக்கிறார்கள். வார்டுக்கு அனுப்பும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்களா, நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறுதலாக மாணவியைக் குத்திவிட்டால் உடனே யாரிடம் போக வேண்டும் என்பதற்கு எழுதப்பட்ட நடைமுறை உண்டா என்று கேளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கூடுமானவரை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால், திட்டு விழுமோ என்று மாணவி மறைக்கும் சூழல் ஆபத்தானது. விடுதியைப் பொறுத்தவரை தண்ணீரும், இரவுப் பணி முடித்து வருபவர் பகலில் தூங்க அனுமதியும் இருந்தால் போதும்.

தமிழ் வழி பற்றிய அச்சம் நியாயமானதுதான், ஆனால் முதல் பருவத்தோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அப்பருவத்திலேயே ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. உண்மையில் தடுக்கி விழ வைப்பது உடற்கூறியலும் உடலியங்கியலும்தான். அவற்றுக்கு மாலை வகுப்போ, ஒவ்வொரு மாணவிக்கும் பொறுப்பான ஆசிரியரோ இருக்கிறாரா என்று பாருங்கள். நோயாளியிடம் பேசும்போது தங்கையின் தமிழ் அவளுக்குப் பலமாகவே அமையும். அவள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழக அரசு 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் உதவித்தொகைக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பிலும், இந்திய செவிலியர் கவுன்சிலின் நடப்பாண்டுப் பட்டியலிலும் இருக்கிறதா என்று அவற்றின் இணையதளங்களிலேயே சரிபாருங்கள். அசல் சான்றிதழ்களைப் படிப்பு முடியும்வரை தாங்களே வைத்துக்கொள்வோம் என்று கூறும் கல்லூரியாக இருந்தால் எனக்கு அப்போதே தயக்கம் வந்துவிடும். இவ்வளவும் சரியாக இருந்தால், வேலை நாளொன்றில் காலை ஒன்பது மணிவாக்கில் அம்மருத்துவமனைக்குள் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம் அவளுடைய மகப்பேறு லாக் புக்கை எங்கே முடித்தாள் என்று கேட்டுவிட்டு, அதன்பின் முன்பணம் கட்டுங்கள்.