பரணில் கிடந்தே பாழாகும் ஷூ

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய ஷூவைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

அடுத்த மே மாதம் நண்பர்களோடு இமயமலைப் பக்கம் பத்து நாள் நடைப்பயணம். நாளுக்கு 12, 15 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 4,000 ரூபாய்க்கும் ஷூ இருக்கிறது, 15,000 ரூபாய்க்கும் இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?
(வாசகர், மடிப்பாக்கம்)

ஷூவுக்கு வருடக் கணக்கு சரிவராது, கிலோமீட்டர் கணக்குதான். மலைப் பாதையில் நடப்பதற்கென்றே வருகிற எடை குறைந்த டிரெயில் ஷூ சுமாராக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை நல்ல நிலையில் இருக்கும். கணுக்காலை மூடுகிற தடித்த பூட் அதைவிட உழைக்கும், ஆனால் கனம். உங்கள் பத்து நாளையும் சேர்த்தாலே 150 கிலோமீட்டரைத் தாண்டாது, அதனால் வருடத்துக்கு ஒரு பெரிய பயணம், நடுவே இரண்டு மூன்று சின்ன மலைகள் என்று போகிற ஆளுக்கு ஒரு நல்ல டிரெயில் ஷூ மூன்று வருடமாவது வர வேண்டும். சென்னையில் பல பேருக்கு அது வருவதில்லை. மலையில் தேய்கிற ஷூவைவிட நம் வீட்டுப் பரணில் கெட்டுப்போகிற ஷூதான் இங்கே அதிகம் என்பது என் எண்ணம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். தடித்த பூட் ஒன்றை மொத்தம் இரண்டே பயணத்துக்குப் போட்டுவிட்டு, மண்ணைத் துடைத்து, வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே வைத்து, பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். நாலு வருடம் கழித்து எடுத்தால் புதுசு மாதிரியே இருந்தது. பர்வதமலையில் ஏறி முடிக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது, வெயில் ஏறிவிட்ட பாறைகளில், இடது குதிகாலுக்குக் கீழே ஏதோ வழுக்குகிற மாதிரி இருந்தது, குனிந்து பார்த்தால் அடி ரப்பர் வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. ரப்பருக்கு மேலே இருந்த அடுக்கை விரலால் தொட்டேன். பழைய ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்து கையெல்லாம் மஞ்சள் தூள். அரை மணி நேரத்தில் வலதும் போய்விட்டது. துண்டைக் கிழித்து ஷூவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்தபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம்.

அடி ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவில், அதிர்ச்சியைத் தாங்குவதற்காக இருக்கிற அந்த அடுக்குக்கு மிட்சோல் என்று பெயர். அது பெரும்பாலும் இரண்டு வகை, பாலியூரித்தேன் என்கிற பி.யூ., இல்லாவிட்டால் ஈ.வி.ஏ. இதில் பி.யூ. காற்றில் இருக்கிற ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து சிதையும், பள்ளிக்கூடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே அதேதான். சூடும் புழுக்கமும் சேர்ந்தால் வேகம் கூடும், காற்றுப் போகாமல் மூடி வைத்தால் இன்னும் மோசம். சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற பரணுக்குள் மே மாதத்தில் கையை விட்டுப் பாருங்கள், ஷூ என்ன பாடு படும் என்று புரியும். ஈ.வி.ஏ. இப்படி உதிராது, ஆனால் நடக்க நடக்க அமுங்கித் தட்டையாகும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது விலையை இல்லை, நீங்கள் எவ்வளவு நடக்கிற ஆள் என்பதைத்தான். மாதம் இரண்டு முறை மலைக்குப் போகிறவருக்கு பி.யூ. நல்லதே, ஏனென்றால் அது சீக்கிரம் அமுங்காது. வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிறவர் ஈ.வி.ஏ. வாங்குங்கள். கடையில் இருப்பவருக்கே தெரியாவிட்டால் அந்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் மிட்சோல் என்ன என்று போட்டிருப்பார்கள். அப்புறம் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற விலைச் சீட்டில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைப் படியுங்கள். பாதி விலைத் தள்ளுபடியில் வருவது சில சமயம் மூன்று வருடம் கிடங்கில் கிடந்த சரக்கு, அது உங்கள் பரணுக்கு வருவதற்கு முன்னாலேயே இன்னொரு பரணில் இருந்துவிட்டு வருகிறது.

ஷூவைக் கையில் எடுத்ததும் குதிகால் பகுதியை இரண்டு விரலால் அழுத்துங்கள், சப்பென்று மடங்கினால் வேண்டாம். ஈரத் துணியைப் பிழிவது போல முறுக்கினால் ஓரளவு எதிர்க்க வேண்டும். முன்னால் வளைத்தால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மட்டுமே வளைய வேண்டும், நட்டநடுவில் மடிகிற ஷூ கல் பாதையில் உள்ளங்காலைக் கொன்றுவிடும். மேல் துணி முதலில் கிழிவது சுண்டு விரலுக்குப் பக்கத்தில், துணியும் சோலும் சேருகிற மடிப்பில்தான், அந்த இடத்தில் தடித்த பூச்சோ பட்டையோ இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியில் ரப்பர் காப்பு கட்டாயம் வேண்டும். அடியில் பட்டன் (டயருக்குச் சொல்வோமே, அது) 4, 5 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். ரப்பர் கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரப் பாறையில் வழுக்கும். மென்மையாக இருந்தால் பாறையைப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். இரண்டையும் சேர்த்து யாராலும் முழுதாகக் கொடுக்க முடியவில்லை, நான் எப்போதும் பிடிக்கிற ரப்பரையே எடுப்பேன், தேய்ந்தால் பணம்தான் போகும்.

15,000 ரூபாய் அவசியமா என்றால் உங்கள் பயணத்துக்கு இல்லை. 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் மேலே சொன்னதெல்லாம் கிடைக்கும். வாங்கியதும் பெட்டியில் வைக்காமல் பையில் ஐந்தாறு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு பறக்கும் ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்குங்கள், எங்கே உரசுகிறது என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். திரும்பி வந்த பிறகு இன்சோலை (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கிற மெத்தையை) உருவி, குழாய்த் தண்ணீரில் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, ஃபேனுக்குக் கீழே காயவிடுங்கள். வாஷிங்மெஷினும் வேண்டாம், மொட்டை மாடி வெயிலும் வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும், காரின் டிக்கியில் போட்டு வைப்பதும் அப்படித்தான். காய்ந்ததும் திறந்த அலமாரியில் வையுங்கள், வாரத்துக்கு ஒருநாளாவது போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் போய் வாருங்கள்.

நாகலாபுரம் மலைக்குப் போகிறோம். ஓடையில் இறங்கி இறங்கி நடக்க வேண்டுமாம். கடையில் வாட்டர்புரூஃப்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள்.
(வாசகி, குரோம்பேட்டை)

வேண்டாம். ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு வரும்போது ஷூவின் வாய் வழியாகத்தான் உள்ளே போகிறது, வாட்டர்புரூஃப் துணி அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை வெளியே விடாது. நாள் முழுக்கக் குளத்துக்குள் கால் வைத்து நடக்கிற மாதிரி இருக்கும். நம் ஊர் வெக்கைக்கு ஓடையே இல்லாவிட்டாலும் உள்ளே வியர்வை ஊறும். வலைத்துணி ஷூ வாங்குங்கள், நாலு அடி வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொப்புளம் போடும். பனியில் நடக்கிறவர்களுக்கு மட்டும் வாட்டர்புரூஃப் சரி.

வெள்ளியங்கிரி போய் வந்ததிலிருந்து இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்துவிட்டது. ஷூ அளவு சரியாகத்தான் இருந்தது.
(வாசகர், அம்பத்தூர்)

கடையில் நின்றபோது சரியாக இருந்திருக்கும். ஏழு மலையையும் ஏறி இறங்குவதற்குள் கால் வீங்கும், இறங்கும்போது உடம்பு எடை முழுவதும் முன்னால் சரிந்து நகம் ஷூவின் மூக்கில் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும். சாயங்காலமாகக் கடைக்குப் போங்கள், காலையைவிட அப்போது பாதம் கொஞ்சம் பெரிதாக இருக்கும், மலைக்குப் போடுகிற சாக்ஸையே போட்டுக்கொள்ளுங்கள். ஷூவின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும், சுண்டு விரல் ஓரத்தைத் தாண்டி வழியக் கூடாது. இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. லேஸ் போடும்போது கணுக்கால் பக்கம் கடைசியாகத் தனியே ஒரு ஓட்டை இருக்கிறதே, பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதில் லேஸைத் திருப்பிக் கோத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள், குதிகால் பின்னாலேயே பூட்டினாற்போல நிற்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள்.

பெசன்ட் நகரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறோம். டிரெயில் ஷூ நல்லதா?
(வாசகி, சாந்தோம்)

இல்லை. 300 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் தார் ரோடு. தாரில் அந்தப் பட்டன்கள் வீணாகத் தேயும், பாதத்துக்கும் மேடு பள்ளமாக இருக்கும். ஓட்டப்பயிற்சிக்கான சாதாரண ரன்னிங் ஷூ, முன்பக்கம் அகலமாக, ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஜூலையிலேயே போட்டுப் பழகிவிடுங்கள். கூடவே ஒரு செருப்பும் எடுத்துப் போங்கள், தங்குகிற இடங்களில் பாதத்துக்குக் காற்று வேண்டும்.

சோல் பாதி கழன்றுவிட்டது. தைத்துப் போடலாமா, தூக்கிப் போடுவதா?
(வாசகர், பெரம்பூர்)

கழன்ற இடத்தில் மிட்சோலை நகத்தால் கீறுங்கள். தூள் வந்தால் முடிந்தது, தைத்தாலும் ஊசி போன இடமெல்லாம் பிய்யும். கெட்டியாக இருந்து பசை மட்டும் விட்டிருந்தால் தாராளமாகத் தைக்கலாம். தெருமுனையில் உட்கார்ந்து தைப்பவரிடமே கொடுங்கள், பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டி, சுற்றிலும் நைலான் நூலில் ஒரு தையல் போடச் சொல்லுங்கள், ஒட்டுவது மட்டும் மலையில் நிற்காது. வாட்டர்புரூஃப் ஷூ என்றால் ஊசி ஓட்டை வழியாக இனி தண்ணீர் வரும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பயணத்துக்கு முதல் நாள் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் முன்னாலேயே தைத்து வாங்கி, ஒரு 5 கிலோமீட்டராவது நடந்து, உள்ளே தையல் முடிச்சு விரலில் உரசுகிறதா பாருங்கள். உரசினால் அவரிடமே திரும்பப் போனால் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிச் சமமாக்கிக் கொடுத்துவிடுவார்.