சிரிக்கிற கூட்டத்தை முதலில் கவனியுங்கள்

கேள்வி: எங்களுக்கு ஏற்காட்டில் மலைக்கிராமம். மகன் சேலத்தில் என் நாத்தனார் வீட்டில் தங்கி ஏழாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பில் நாலைந்து பையன்கள் அவனைக் "காப்பிக்கொட்டை" என்று கூப்பிடுகிறார்கள், பையை ஒளித்து வைக்கிறார்கள், டிபன் பாக்ஸைத் திறந்தால் "சாமைச்சோறு வந்தாச்சு" என்று கத்துகிறார்கள். திங்கள்கிழமையானால் வயிற்றுவலி என்கிறான். "திருப்பி ரெண்டு போடு" என்கிறார் கணவர். நான் என்ன செய்ய?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: அந்த வயிற்றுவலியை நம்புங்கள் சகோதரி. "நடிக்காதே" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான். திருப்பி அடிக்கவும் சொல்லாதீர்கள், அவர்கள் நாலைந்து பேர், இவன் ஒருவன், கடைசியில் மாட்டுவதும் இவன்தான்.

கேலி செய்கிறவன் வீட்டில் அடி வாங்குகிற பிள்ளையாக இருக்கலாம். ஆனால் பல நேரம் வகுப்பில் தான் பெரிய ஆள் என்று காட்டிக்கொள்ளத்தான் செய்கிறான், அதற்கு அவனுக்குச் சிரிக்க ஒரு கூட்டம் வேண்டும். பின்லாந்துப் பள்ளிகளில் கிவா என்று ஒரு திட்டம் இருக்கிறது, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைச் சிரிக்காமல் இருக்கவும் பாதிக்கப்பட்டவனுக்குத் துணை நிற்கவும் பழக்குவதுதான் அதில் முக்கியம். அதனால் வகுப்பாசிரியரிடம் போகும்போது "அவனைத் தண்டியுங்கள்" என்பதோடு நிற்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ஆசிரியர் அங்கே இருக்கட்டும், மகனை நல்ல பையன்கள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று கேளுங்கள். எல்லோரையும் நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லி முடித்துவிட மட்டும் விடாதீர்கள். ஒருதலையாக நடக்கும் தொல்லை இது, வெளியே வந்ததும் "போட்டுக்கொடுத்தியா" என்று இன்னும் மோசமாகும்.

நடந்ததையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், நாத்தனாருக்கும் விஷயம் தெரியட்டும். ஆசிரியர் அசையவில்லையா, தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098, இரண்டு உதவி எண்களும் இருக்கின்றன.

ஊரையும் நிறத்தையும் சாப்பாட்டையும் சொல்லி இழிவுபடுத்துவதைப் "பசங்க விளையாட்டு" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2023-ல் நாங்குநேரியில் கூடப்படித்த மாணவர்களே ஒரு பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள், அதற்கு முன் பள்ளியில் தொல்லை நடந்துகொண்டுதான் இருந்தது. மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுக்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவை அரசு அமைத்ததே அதன்பிறகுதான்.

பள்ளிக்குப் போகும்போது கணவரையும் கூட்டிப் போங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய், என்ன மாறியது என்று கேளுங்கள்.