கணினி கேள்வி பதில்: ஒரு கணினியில் பல விளையாட்டுக் கணக்குகள்

இணைய விளையாட்டுகளில் ஒருவரே பல கணக்குகளை ஒரே நேரத்தில் இயக்குவது குறித்து வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் தரப்படுகிறது.

கேள்வி: நான் ‘ஈவ் ஆன்லைன்’ என்னும் விண்வெளி விளையாட்டை விளையாடுகிறேன். ஒரு கணக்கில், தாது வெட்டும் கப்பல்களுக்குத் துணைநிற்கும் ஓர்க்கா கப்பலை வைத்துக்கொண்டு, மற்ற மூன்று கணக்குகளில் தாதுக்கல் வெட்டத் திட்டமிட்டுள்ளேன். என் கணினியில் ஆறு கோர் கொண்ட ஐ5 பிராசஸரும் 16 ஜிபி நினைவகமும் உள்ளன. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. விலை உயர்ந்த கார்டு வாங்கினால்தான் நான்கு சாளரங்களும் ஓடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். அது சரியா?
– வாசகர், செந்தூல்

பதில்: முழுவதும் சரியல்ல. கார்டைப் பற்றி யோசிப்பதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது கணக்குகளின் வகையை. ஈவ் விளையாட்டில் ஆல்ஃபா என்னும் இலவசக் கணக்கும் ஒமேகா என்னும் கட்டணக் கணக்கும் உள்ளன. ஆல்ஃபா கணக்கு 2016 நவம்பரில் அறிமுகமானது. அது திறந்திருக்கும்போது வேறு எந்தக் கணக்கையும் உடன் திறக்க முடியாது. ஆகவே உங்கள் நான்கு கணக்குகளும் ஒமேகாவாக இருந்தாக வேண்டும். ஒமேகாவின் மாதக் கட்டணம் 2022 மே மாதத்தில் 14.99 அமெரிக்க டாலரிலிருந்து 19.99 டாலராக உயர்த்தப்பட்டது. அந்த விலையில் நான்கு கணக்குகளுக்கு மாதம் ஏறத்தாழ 80 டாலர், ஆண்டுக்கு 960 டாலர் ஆகிறது. நீண்ட காலத்துக்குச் சேர்த்துக் கட்டினால் குறையும் என்பதும், விளையாட்டுக்குள் சம்பாதித்த பணத்தில், சந்தாவாக மாற்றிக்கொள்ளத்தக்க பிளெக்ஸ் என்னும் பொருளை வாங்கிக் கட்டலாம் என்பதும் உண்மைதான். ஆனாலும், ஒரே ஆண்டில் நல்ல கார்டு ஒன்றின் விலையைச் சந்தாவே விழுங்கிவிடும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அடுத்தது நினைவகம். ஒரு சாளரம் எவ்வளவு நினைவகம் எடுக்கும் என்று யாரிடமும் கேட்க வேண்டாம்; நீங்களே அளந்துவிடலாம். ஒரு கணக்கை மட்டும் திறந்து, எப்போதும் கூட்டம் மொய்க்கும் ஜிட்டா சந்தைக்குப் போய்ச் சிறிது நேரம் இருங்கள். பிறகு டாஸ்க் மேனேஜரில் அந்த விளையாட்டுக்கு நேரே உள்ள நினைவக அளவைக் குறித்துக்கொண்டு நான்கால் பெருக்குங்கள். விண்டோஸுக்கும் உலாவிக்குமாகக் குறைந்தது 5 ஜிபியை அதனோடு கூட்டுங்கள். தனி கார்டு இல்லாத கணினி, படத்துக்கு வேண்டிய இடத்தையும் இதே 16 ஜிபியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும் என்பதால் இன்னும் 2 ஜிபியாவது ஒதுக்க வேண்டும். மொத்தம் 16-ஐ நெருங்கினால், ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் கணினி இரண்டு மூன்று விநாடி உறைந்து நிற்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டும் அதைத் தீர்க்காது. அந்த நிலையில் முதல் செலவு நினைவகத்துக்குத்தான். இப்போது உங்களிடம் இருப்பது ஒரே 16 ஜிபி குச்சி என்றால், அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்து 32 ஆக்குங்கள். இரண்டு குச்சிகள் இணையாக இயங்குவது உள்ளமைந்த கிராபிக்ஸுக்குக் கண்கூடான வேகத்தைத் தரும்.

மூன்றாவதாக, பிரேம் எண்ணிக்கை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை படம் வரையப்படுகிறது என்பது. பின்னால் மறைந்து கிடக்கும் சாளரமும் விநாடிக்கு 60 பிரேம் வரைந்துகொண்டேயிருந்தால், நான்கு சாளரங்களுக்கு 240 பிரேம். யாரும் பார்க்காத படத்துக்காகக் கணினி மூச்சு வாங்குகிறது. ரிவாட்யூனர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு ஈவ் விளையாட்டை 30 பிரேமுக்குக் கட்டுப்படுத்தினால் மொத்தச் சுமை 120 ஆகக் குறைந்துவிடும். பாறையை வெட்டிக்கொண்டு நிற்கும் கப்பலைப் பார்ப்பதற்கு 30 பிரேம் தாராளம். நிழல், ஒளிச்சிதறல் போன்றவற்றைக் குறைந்த நிலையில் வைத்து, முழுத்திரையைத் தவிர்த்துச் சாளர நிலையில் இயக்குங்கள். எந்தெந்தக் கோர் எந்தச் சாளரத்துக்கு என்று கையால் பிரித்துக் கொடுக்கும் வித்தையைப் பலரும் சொல்லித் தருகிறார்கள். இன்றைய விண்டோஸ் அந்த வேலையைத் தானே ஒழுங்காகச் செய்துகொள்கிறது, அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் திணறினால் கார்டு வாங்கலாம். என்விடியா கார்டில் ஒரு வசதி உண்டு: அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் ‘பேக்கிரவுண்ட் அப்ளிகேஷன் மேக்ஸ் ஃபிரேம் ரேட்’ என்பதை 20 என்று வைத்தால், நீங்கள் பார்க்கும் சாளரம் முழு வேகத்திலும் மற்றவை 20 பிரேமிலும் ஓடும். ரிவாட்யூனரில் கட்டுப்பாடு மென்பொருளின் பெயருக்கு விதிக்கப்படுவதால் நான்கு சாளரங்களுக்கும் ஒரே எல்லைதான். இந்த வசதிக்காக மிக உயர்ந்த கார்டு தேவையில்லை. 8 ஜிபி கொண்ட நடுத்தரக் கார்டே போதும். வாங்கும் முன் மின்வழங்கியின் வாட் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈவ் தினமும் பராமரிப்புக்காக மலேசிய நேரப்படி இரவு 7 மணிக்கு நிறுத்தப்படும். வேலை முடிந்து வீடு திரும்பி நான்கு கப்பல்களையும் பாறைக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும் நேரமும் அதுவேயாகிவிடும் என்பதால், எட்டு மணிக்குத் தொடங்குவதே வசதி.

கேள்வி: ஒரே விசையை அழுத்தினால் ஐந்து சாளரங்களிலும் அது பதியும்படி செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தலாமா? என்னிடம் அவ்வாறு பயன்படுத்தும் நண்பர்கள் இருக்கிறார்கள், யாரும் பிடிபடவில்லை.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: பெரும்பாலான விளையாட்டுகளில் கூடாது. பல கணக்குகளை வைத்திருப்பதும், ஒரு விசை அழுத்தத்தைப் பல கணக்குகளுக்குப் பரப்புவதும் வெவ்வேறானவை. முதலாவதை அனுமதிக்கும் நிறுவனங்களே இரண்டாவதைத் தடுக்கின்றன. ஈவ் விளையாட்டில் இந்தத் தடை 2015 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் ஒரே மனிதர் பத்து, இருபது கப்பல்களை ஒரே சொடுக்கில் சுடவைத்த காலம் ஒன்று இருந்தது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ பல ஆண்டுகள் இதை அனுமதித்திருந்தது. 2020 நவம்பரில் அத்தகைய மென்பொருள்களுக்குத் தடை வந்தது, 2021-இல் அதே வேலையைச் செய்யும் கருவிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ பல கணக்குகளை ஒரே நேரத்தில் திறக்க விடுகிறது. ஆனால் ஓர் அழுத்தத்துக்கு ஒரு செயல் என்பதே அங்கும் விதி.

உங்கள் நண்பர்கள் இன்னும் பிடிபடவில்லை என்பதைப் பாதுகாப்பாகக் கொள்ள வேண்டாம். ஐந்து கணக்குகளின் கட்டளைகளும் ஒரே கணத்தில் வந்து சேர்வது சேவையகத்தின் பதிவேட்டில் அப்பட்டமாகத் தெரியும். ஒரே மின்னஞ்சல், ஒரே அட்டை, ஒரே வீட்டு இணைப்பு என்பதால் நடவடிக்கை வந்தால் ஐந்தும் சேர்ந்தே போகும். பல ஆண்டுகளாக வளர்த்த முதன்மைக் கணக்கும் அதில் ஒன்று.

விதிக்குள் நின்றும் வேகமாக ஆட முடியும். ஒவ்வொரு சாளரத்திலும் ஒரே திறனை ஒரே விசையில் வையுங்கள். முதல் கணக்குக்கு ஒரு விசை, இரண்டாவதற்கு ஒரு விசை எனச் சாளரம் மாற்றும் குறுக்குவிசைகளை அமைத்துக்கொள்ளுங்கள். ஈவ் விளையாடுவோர் ‘ஈவ்-ஓ பிரிவியூ’ என்னும் சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அது மற்றச் சாளரங்களைச் சிறு படங்களாகத் திரையின் ஓரத்தில் காட்டும், படத்தைச் சொடுக்கினால் அந்தச் சாளரம் முன்னால் வரும். ஒரு கட்டளையையும் அது தானாக அனுப்புவதில்லை. இவ்வாறு கையால் மாற்றி மாற்றி ஆடும்போது மூன்று கணக்குகள் வரை விளையாட்டாக இருக்கும். ஐந்து என்றால் அது சம்பளமில்லாத இரவுப் பணி என்பதே என் கருத்து.

கேள்வி: நான் விளையாடும் விளையாட்டில் இரண்டாவது சாளரத்தைத் திறந்தால், ‘ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது’ என்ற அறிவிப்பு வருகிறது. வழி உண்டா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விளையாட்டு தொடங்கும்போது மியூடெக்ஸ் என்னும் ஓர் அடையாளத்தை விண்டோஸில் பதிந்து வைக்கிறது. இரண்டாம் முறை திறக்கையில் அந்த அடையாளம் ஏற்கெனவே இருப்பதைக் கண்டு தானாக மூடிக்கொள்கிறது. சாண்ட்பாக்ஸி என்னும் மென்பொருளில் இரண்டாவது சாளரத்தைத் திறந்தால், அது தனி அறைக்குள் இருப்பதுபோல் முதல் அடையாளத்தைக் காணாது. இந்த மென்பொருளின் மூலநிரல் 2020-இல் பொதுவில் வெளியிடப்பட்டது, இலவசமாகவே கிடைக்கும்.

ஆனால் அந்த அறிவிப்பை எழுதியவர்கள் எதற்காக எழுதினார்கள் என்பதை முதலில் பாருங்கள். விதிமுறைப் பக்கத்தில் ஒருவருக்கு ஒரு கணக்கு என்றிருந்தால் இந்த முயற்சியையே விட்டுவிடுங்கள். பல கணக்குகளுக்குத் தடையில்லை என்றாலும், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் விளையாட்டுகள் சாண்ட்பாக்ஸியையும் மெய்நிகர் கணினியையும் ஐயத்தோடு பார்க்கும். சில திறக்கவே மறுக்கும். அவற்றை ஏமாற்ற வழி தேடுவதைவிட, பழைய மடிக்கணினி ஒன்றில் இரண்டாவது கணக்கைத் திறப்பது எளிது.

கேள்வி: என் மகன் மடிக்கணினியில் கைப்பேசி விளையாட்டு ஒன்றை ஆறு சாளரங்களில் ஓடவிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். கணினி கொதிக்கிறது. தெனாகா பில்லும் ஏறியிருக்கிறது. அதில் 8 ஜிபி நினைவகம் உள்ளது. என்ன செய்வது?
– ஒரு தாயார், ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, மின் கட்டணத்தைப் பொறுத்தவரை உங்கள் மகன் மீது பெரிய குற்றம் இருக்காது. மடிக்கணினி 100 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 0.8 யூனிட், மாதத்துக்கு 24 யூனிட்தான். கணினி சூடாகிறதென்று அந்த அறையின் குளிர்சாதனத்தையும் பகல் முழுவதும் போட்டு வைத்திருந்தால் கதையே வேறு. 1 குதிரைத்திறன் கொண்டது முழு வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 800 வாட் இழுக்கும். அதை முதலில் விசாரியுங்கள்.

சூடுதான் கவனிக்க வேண்டியது. புளூஸ்டாக்ஸ், எல்டிபிளேயர் போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு சாளரமும் ஒரு முழு ஆண்ட்ராய்டு கைப்பேசியாகும். 8 ஜிபி நினைவகத்தில் இரண்டுக்கு மேல் நிம்மதியாக ஓடாது. ஆறு என்றால் நினைவகத்தில் கொள்ளாதது வட்டுக்குப் போய் வந்துகொண்டே இருக்கும். மகனிடம் இரண்டாகக் குறைக்கச் சொல்லுங்கள். பின்னணியில் உள்ளவற்றுக்குப் புளூஸ்டாக்ஸில் ‘ஈகோ மோட்’ உண்டு. அதில் 5 அல்லது 10 பிரேம் போதும். டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பக்கத்தில், பிராசஸரின் கீழ் ‘விர்ச்சுவலைசேஷன்’ என்பதற்கு நேரே ‘எனேபிள்ட்’ என்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் அதை இயக்கினால் கணினியின் சுமை குறையக்கூடும். மெத்தை மேல் வைத்து ஓடவிடக் கூடாது. அடிப்பக்கக் காற்று வழி அடைபடும். நாளெல்லாம் மின்னிணைப்பிலேயே இருப்பதால் மின்கலத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பு இருந்தால் போட்டுவிடுங்கள்.

ஆள் இல்லாதபோது ஆறு சாளரங்கள் என்ன செய்கின்றன என்றும் மகனிடம் கேளுங்கள். தானாக ஆடும் வசதி விளையாட்டிலேயே இருந்தால் கவலையில்லை. கணக்கை வளர்த்து யாருக்காவது விற்கிறான் என்றால், பெரும்பாலான விளையாட்டுகளில் அது விதிமீறல். வாங்கியவர் பணம் தராமல் போனால் புகார் சொல்லவும் இடம் இருக்காது.

கேள்வி: நான்கு கணக்குகளுக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பு போதுமா, 300-க்கு மாற வேண்டுமா?
– வாசகர், ஜெலுத்தோங்

பதில்: போதும். ஒரு விளையாட்டுச் சாளரம் ஓடும்போது பரிமாறிக்கொள்ளும் தரவு, அதே வீட்டில் ஒருவர் பார்க்கும் காணொளியைவிட மிகக் குறைவு. உங்களைத் தடுமாற வைப்பது தாமதம். ஈவ் சேவையகம் லண்டனில் இருக்கிறது, அந்தத் தொலைவை 300 எம்பிபிஎஸ் குறைக்காது. வைஃபையை விட்டுக் கம்பி இணைப்புக்கு மாறுங்கள். புதுப்பிப்பு வரும் நாளில் மட்டும் வேகம் உதவும். அப்போதும் நான்கு கணக்குகளும் ஒரே கோப்புறையிலிருந்து ஓடுமானால் ஒரு முறை பதிவிறக்கினால் போதும்.