காதுக்குள் கொய்ங்: சொட்டு மருந்து வாங்கலாமா?

கேள்வி: நெடுங்காலமாகத் தறி ஓட்டுகிறேனுங்க. ராத்திரி தறியை நிறுத்திவிட்டு வந்து படுத்தால் ரெண்டு காதிலும் கொய்ங்குனு ஒரே சத்தம். செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து 3,600 ரூபாய்க்கு மூலிகைச் சொட்டும் மாத்திரையும் வாங்கினேன். மூணு மாசத்தில் இரைச்சல் நிற்கும், மந்தமான காதும் கேட்கும் என்றார்கள். ஒண்ணும் ஆகலை. இப்போது இன்னொரு கோர்ஸ் வாங்கச் சொல்றாங்க. வாங்கலாமுங்களா?
வாசகர், சோமனூர்

பதில்: வாங்காதீர்கள். காதில் விடும் சொட்டு செவிப்பறையோடு நின்றுவிடும். உங்கள் தொல்லை அதற்கும் உள்ளே, உள்காதில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் தறிச் சத்தத்தில் வருடக்கணக்கில் அடிபட்டுச் சாகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. குறைந்துபோன ஒலியை ஈடுகட்ட மூளை தானாக எழுப்பிக்கொள்வதுதான் அந்தக் கொய்ங் என்பது இன்றைய விளக்கம். இதை அடியோடு நிறுத்தும் மாத்திரை எந்த மருத்துவத்திலும் நிரூபிக்கப்படவில்லை. மூணு மாசக் கெடு வைத்து விற்பவர் உங்கள் காதைப் பார்த்தவர்கூட இல்லை!

முதலில் காசைப் பரிசோதனைக்குச் செலவழியுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. வெறும் அழுக்கு அடைத்திருந்தாலும் இரைச்சல் வரும். அப்படியானால் அதை எடுத்ததும் தீர்ந்தது. இல்லையென்றால் காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுப்பார்கள். கேட்கும் திறன் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி போட்டால் பலருக்கு இரைச்சல் தொல்லை குறைகிறது. தூங்கும்போது ஃபேன் சத்தம் ஓடட்டும், முழு நிசப்தத்தில்தான் கொய்ங் பெரிதாகத் தெரியும். மனசைப் பாதிக்கும் அளவுக்குப் போனால் உளவியல் ஆலோசனைக்கு நல்ல பலன் உண்டு.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல், இந்த இரண்டையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடுங்கள். ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவு நல்லது.

கொடுத்த பணத்துக்கு வழி உண்டு. காது கேளாமையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மாய மருந்துகள் தடைச் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

காசு கொடுத்து ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் நுரையாலான காதடைப்பான் வாங்குங்கள். விலை அதிகமில்லை. தறிக்கூடத்தில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம், அதற்குப் பஞ்சு போதாது. மிச்சமிருக்கும் செல்களையாவது காப்பாற்றலாம்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. படுக்கையில் புரண்டு படுத்தாலே வீடே சுற்றுகிறதாம், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. கழுத்து எலும்பு தேய்ந்திருக்கும் என்கிறார்கள். கழுத்துப் பட்டை நல்லதா, காந்த மெத்தை நல்லதா?
வாசகி, அவிநாசி

பதில்: இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் விழுந்த மாதிரி இருக்கிறது. தலையைத் திருப்பும்போது சுற்றல், ஒரு நிமிஷத்துக்குள் அடங்குவது, இவைதான் அடையாளம். மருத்துவர் அம்மாவைச் சட்டென்று படுக்க வைத்து, கண் துடிப்பதைப் பார்த்தே உறுதி செய்துவிடுவார். பிறகு தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்கே கொண்டு போவார். எப்லி முறை என்று பெயர், பத்து நிமிஷ வேலை. பலருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும், ஆனால் பின்னால் திரும்ப வருவதும் உண்டு. பெரும்பாலும் ஸ்கேன்கூடத் தேவைப்படாது.

தலைசுற்றல் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு மாதக்கணக்கில் போடவே கூடாது. அவற்றில் சில, வயதானவர்களுக்குக் கை நடுக்கத்தைக் கொண்டு வரும். சுற்றல் மணிக்கணக்கில் நீடித்து, காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து வந்தால் அது மெனியர் நோயாக இருக்கலாம், உப்பைக் குறைப்பதிலிருந்து அதற்கு வைத்தியம் வேறு. சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் இழுத்தாலோ காதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் காது கேட்கும் கருவி. ஆன்லைனில் 1,800, கடையில் 45,000. எது வாங்க?
வாசகர், கோபி

பதில்: ஆன்லைனில் அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும் ஒலிபெருக்கி. அப்பாவின் ஆடியோகிராமுக்கு ஏற்ப அதை அமைக்க முடியாது, காதுக்கும் கெடுதல். அதற்காக 45,000 ரூபாய்க் கருவியும் உடனே வேண்டாம். காதைச் சோதித்துக் கருவி பொருத்தும் ஆடியாலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வுக் குழுவில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். சில நாள் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் வேறு கடை பாருங்கள். காது கேட்கும் கருவிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், வாங்குவதற்கு முன் ஈரோட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவி கேட்டு ஒரு மனு போட்டுவிடுங்கள்.